கார்டு கேமுக்கு கேம்பேட் கன்ட்ரோல்: கோடோ 4 கேம் எஞ்சினில் படிப்படியாக

மவுஸுக்காகச் செய்த கார்டு கேமில், கேம்பேடின் ஸ்டிக்கால் கர்சரை நகர்த்த வைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. கையில் பத்து கார்டு நெருக்கமாக விரிந்திருந்தால் வேண்டியதன்மேல் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்துவதே பெரும்பாடாகிவிடும். கர்சரை விட்டுவிடுங்கள், ஒரு தட்டுக்கு ஒரு கார்டு நகரும் ஃபோகஸ் (இப்போது எது தேர்வில் இருக்கிறது என்ற குறி) போதும்.

படி 1: திரையைக் கை, களம், எதிராளி, பொத்தான்கள் எனப் பிரியுங்கள். இடது வலது பகுதிக்குள்ளே நகர, மேல் கீழ் பகுதி மாற.

படி 2: ஒவ்வொரு கார்டுக்கும் ஃபோகஸ் மோடை 'ஆல்' (ஃபோகஸ் பெறலாம்) என வைத்து, இடது வலது ஃபோகஸ் நெய்பரை, அதாவது அந்தப் பக்கம் தட்டினால் ஃபோகஸ் எங்கே போகும் என்பதை, நீங்களே கோடில் கொடுங்கள். எஞ்சினிடம் விட்டால் திரையில் எது பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் தேடும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கார்டுகளில் நடுவில் ஒன்றைத் தாண்டிவிடலாம். கையில் கார்டு கூடினாலும் குறைந்தாலும் இதை மறுபடி அமைக்க வேண்டும்.

படி 3: இழுத்துப் போடுவதற்குப் பதில் இரண்டு அழுத்தல். கேம்பேடின் வலப்பக்க நான்கு பொத்தான்களில் கீழ்ப் பொத்தான் கார்டை எடுக்கும், ஃபோகஸ் உடனே முதல் இலக்குக்குத் தாவும். மறுபடி அழுத்தினால் கார்டு இறங்கும். வலப் பொத்தான் ரத்து. ஃபோகஸ் எடுத்த கார்டுக்கே திரும்பட்டும். செல்லாத இலக்குகளுக்கு ஃபோகஸ் மோடு 'நன்' (ஃபோகஸ் போகாது).

படி 4: அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆடிய கார்டை க்யூ ஃப்ரீ செய்து நீக்கியதும் ஃபோகஸும் அதோடு போய்விடும். பிறகு டி-பேடை (திசைப் பொத்தான்களை) எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் அசையாது, எங்கிருந்து நகர்வது என்று எஞ்சினுக்குத் தெரியாதே! கேம்பேட்தான் பழுது என்று நினைத்துவிடுவோம். ஆகவே கார்டை நீக்கும் முன்பே வேறொன்றுக்கு கிராப் ஃபோகஸ் கொடுத்து ஃபோகஸை மாற்றிவிடுங்கள். ஐந்தில் மூன்றாவதை ஆடினால் ஃபோகஸ் நான்காவதற்கு. ஆடியது வலக்கோடிக் கார்டு என்றால் அதன் இடப்பக்கக் கார்டுக்கு. கை காலியானால் 'முறை முடி' பொத்தானுக்கு. அனிமேஷன் ஓடும்போது கார்டு ஆடுவதை மட்டும் தடுங்கள், நகர்வதைத் தடுக்காதீர்கள்.

படி 5: கீபோர்டுபோல் கேம்பேடுக்கு எக்கோ (பிடித்திருந்தால் அதே அழுத்தல் திரும்பத் திரும்ப வருவது) வராது. ஸ்டிக்கைப் பிடித்தபடியே நகர ஒரு டைமர் வேண்டும்: முதல் நகர்வுக்குப் பின் 0.4 நொடி, அடுத்தடுத்து 0.12 நொடி. டெட் ஸோன் (ஸ்டிக் எவ்வளவு சாய்ந்த பிறகே கணக்கில் எடுப்பது என்ற அளவு) 0.5 இருக்கட்டும். மிகவும் குறைத்தால் தேய்ந்த ஸ்டிக்குகள் தாமாகவே கார்டு மாற்றும்.

படி 6: 'முறை முடி'க்கு மேல் பொத்தானை அரை நொடி பிடித்திருக்க வையுங்கள், தவறித் தட்டினால் முறையே போய்விடும்.

படி 7: 'ஜாய் பட்டன் ஏ' என்று கோடோ சொல்வது கீழ்ப் பொத்தானை. எக்ஸ்பாக்ஸில் அதில் ஏ என்றும், நிண்டெண்டோவில் பி என்றும் இருக்கும். திரையில் எழுத்தை நேரடியாக எழுதாமல், செருகிய கேம்பேடுக்கேற்ற படத்தைக் காட்டுங்கள். உறுதி, ரத்து இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ள செட்டிங்ஸில் ஒரு வழியும் வேண்டும்.