அகழாய்வுக் குழியைச் சுற்றி ஒரு பூங்கா

முதலில் மரம் நடும் ஆசையை அடக்குங்கள். ஊர் நடுவே அகழாய்வுக் குழி என்றதும் எல்லோரும் நிழல் கேட்பார்கள். நான் கேட்பது, மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்றுதான். குழியில் தேங்கினால், மண்ணில் கரைந்த உப்போடு சேர்த்து அதைச் செங்கல் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு வெயிலில் நீர் ஆவியாக, உப்பு மட்டும் படிகமாகி, செங்கல்லின் முகத்தைச் செதில் செதிலாக உரித்துவிடும். மொகஞ்சதாரோவின் தீராத தலைவலி இதுதான். ஆகவே வடிகாலுக்குப் பிறகே மற்றதெல்லாம். சுவரோரம் புல்லுக்குத் தெளிப்பான் வைக்கவே கூடாது.

எல்லாவற்றையும் திறந்து காட்ட வேண்டியதில்லை. பலவீனமான பகுதியில் ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணி) விரித்து, உப்பில்லாத மணல் போட்டு, மண்ணால் மூடிவிடுங்கள். மேலே வேர் ஆழம் போகாத புல் போதும். புதைந்த சுவரின் கோட்டைத் தரையில் வேறு நிறக் கல்லால் பதித்தால், குழந்தைகள் அதன்மேல் நடந்தே அறையின் அளவைப் பிடித்துக்கொள்வார்கள். இடிந்ததைப் புதுசாகக் கட்டித் தரச்சொல்லி யாராவது நச்சரித்தால், தொல்சின்னப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் 15ஆம் பிரிவை எடுத்து நீட்டுங்கள்: அகழாய்வு இடத்தில் புதிதாகக் கட்டுவதை அது ஏற்பதில்லை, சிதறிக் கிடக்கும் பழைய பாகங்களைத் திரும்பப் பொருத்துவதை மட்டுமே அனுமதிக்கிறது.

மரங்கள், தோண்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்று உறுதியான இடத்தில் மட்டும்.

தோண்டியெடுத்த பொருள்களையும் பதிவுகளையும் வைக்கும் காப்பகத்தை நிலவறையில் வைக்காதீர்கள். வெள்ளம் முதலில் அங்கேதான் வரும். பானை ஓட்டுப் பை, வரைபடம், புகைப்படம், களக்குறிப்பேடு நான்கிலும் ஒரே மண்ணடுக்கு எண் (பொருள் எந்த மண் அடுக்கில் கிடைத்தது என்று சொல்லும் எண்) இருக்கட்டும். அந்த எண் தொலைந்தால் ஓடு வெறும் ஓடுதான். அதே எண்ணைப் பூங்காப் பலகையிலும் பொறியுங்கள்: பார்த்தவர் உள்ளே வந்து, எண்ணைச் சொல்லி, பெட்டியைக் கேட்கலாம். வாசிப்பு மேசை குழியைப் பார்த்த ஜன்னலோரம்.