1 தீமோத்தேயு 2:4-ஐ வேதபாடத்தில் விளக்குவது எப்படி?

எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படத் தேவன் சித்தமுள்ளவராயிருக்கிறார் என்னும் வசனத்தைத் தனியே பிடுங்கியெடுத்துப் பேசாமல், அதிகாரத்தின் முதல் ஆறு வசனங்களையும் சத்தமாக வாசிக்கச் செய்யுங்கள். ராஜாக்களுக்காகவும் ஜெபிக்கச் சொன்ன கையோடு பவுல் இதை எழுதுகிறார் என்பதையும், 1, 4, 6 ஆகிய மூன்று வசனங்களிலும் 'எல்லாரும்' என்ற பொருள் திரும்ப வருவதையும் கேட்பவர்களே கண்டுபிடிக்கட்டும்.

'அப்படியானால் ஏன் எல்லாரும் இரட்சிக்கப்படவில்லை?' என்று யாராவது கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். 'எல்லா வகை மனிதரும்' என்று பொருள்கொண்ட ஆதித் திருச்சபைப் போதகர் அகுஸ்தீனுவையும், தேவனுடைய முந்தைய சித்தம் (எல்லாரும் இரட்சிக்கப்படவேண்டும் என்பது), பிந்தைய சித்தம் (மனிதரின் பாவத்தினிமித்தம் அவர் அனுமதிப்பது) என்று பிரித்துப் பேசிய எட்டாம் நூற்றாண்டு இறையியலாளர் தமஸ்குவின் யோவானையும், 1618–19இல் நெதர்லாந்தில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் டோர்ட் சங்கம், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், ஆனால் மனிதர் கிருபையை எதிர்க்க முடியும் என்ற ஆர்மினியஸின் சீடர்களை மறுத்ததையும் சுருக்கமாகச் சொல்லி, உங்கள் சபையின் நிலை எது என்பதை மறைக்காமல் கூறுங்கள்.

நேரத்தில் பாதியை லூக்கா 15-க்கு ஒதுக்குவது நல்லது. பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்தவள் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, கண்டுபிடிக்கும்வரை தேடுகிறாள். தேவனுடைய விருப்பம் எவ்வளவு முனைப்பானது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடைப்பது அரிது. சிறுவர் வகுப்பென்றால் பாய்க்கடியில் ஒரு நாணயத்தை ஒளித்துவைத்து, அறையை இருட்டாக்கித் தேடச் சொல்லலாம். (பெரியவர்களும் எழுந்து வந்துவிடுவார்கள்.)

பின்பு, ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்பவேண்டுமென்று தேவன் விரும்புவதைச் சொல்லும் 2 பேதுரு 3:9-ஐ வாசித்து, ஒவ்வொருவரும் தமக்குப் பிடிக்காத ஓர் அதிகாரிக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்க ஐந்து நிமிடம் கொடுங்கள்.