டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: தொலைவை வைத்து நேரம் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் சுமார் 12,400 கிலோமீட்டர் என்று விடை கிடைக்கும். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும் என்று எங்கோ படித்ததை வைத்து அதை வகுத்துப் பார்த்து, பதினான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. 12,400 என்பது உலக உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் வரும் மிகக் குறுகிய தூரம். அந்த நூல் ஆர்க்டிக் பகுதி வழியே செல்கிறது. விமானம் அதை ஒட்டியே பறக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

குறைந்த தூரமே குறைந்த நேரம் என்று நம்புவது இதைவிடப் பெரிய தவறு. ஏர் இந்தியாவின் விமானம் இத்தடத்தில் முதலில் அட்லாண்டிக் வழியாக, மேற்கு நோக்கிச் சென்றது. 2016 அக்டோபரில் அதைப் பசிபிக் வழியாகத் திருப்பிவிட்டார்கள். தூரம் ஏறத்தாழ 13,900 கிலோமீட்டரிலிருந்து 15,300 ஆகக் கூடியது. பயண நேரமோ சுமார் இரண்டு மணி நேரம் குறைந்தது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று முன்பு எதிர்த்து நின்றது, இப்போது பின்னாலிருந்து தள்ளியது, அவ்வளவுதான். 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பயணிகள் விமானம் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகச் சென்று சேர்ந்ததும் இதே காற்றின் உபயத்தால்தான். ஆகவே போகும் நேரத்தையே திரும்பி வரும் நேரமாகவும் எழுதிவைப்பது சரியாகாது.

மைல் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. அதே 12,400 கிலோமீட்டர் சாதாரண மைலில் சுமார் 7,700, விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் சுமார் 6,700.

பயணச்சீட்டைப் படிப்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். அதில் உள்ள இரு நேரங்களும் அந்தந்த ஊரின் கடிகாரப்படி அச்சிடப்பட்டவை. டெல்லியில் அதிகாலை 4 மணிக்குப் புறப்பாடு, சான் பிரான்சிஸ்கோவில் அதே நாள் காலை 7 மணிக்கு வருகை என்று இருந்தால், மூன்று மணி நேரப் பயணம் என்று யாரும் நினைக்கப் போவதில்லை. ஆனால் எதைக் கூட்டுவது என்பதில்தான் பிழை நேர்கிறது. ஜனவரியில் இரு ஊர்களுக்கும் உள்ள வேறுபாடு பதின்மூன்றரை மணி நேரம், ஆகவே பயணம் பதினாறரை மணி. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதால், ஜூலையில் அதே சீட்டுக்குப் பதினைந்தரை மணிதான். திரும்பும்போது வேறுபாட்டைக் கழிக்க வேண்டும்: ஜனவரியில் அங்கே காலை 10 மணிக்கு ஏறி மறுநாள் பிற்பகல் 3 மணிக்கு டெல்லி வந்தால், இடைப்பட்ட 29 மணியில் பதின்மூன்றரை போகப் பதினைந்தரை மிஞ்சும்.

சென்னையிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோர், சீட்டில் காணும் மொத்த நேரத்தைப் பறக்கும் நேரம் என்று எடுத்துக்கொண்டு மிரண்டுபோவதுண்டு. டெல்லி வரையிலான பயணமும் அங்கே காத்திருப்பதும் அதில் அடக்கம். நேரடி விமானத்துக்குக் காட்டும் நேரமுங்கூட, வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனை வாயிலில் நிற்பது வரை ஓடுபாதை ஊர்தலையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. அழைத்துச் செல்ல வருபவர் இதற்கு மேல் குடியேற்றச் சோதனை வரிசைக்கும் பெட்டிகளுக்கும் தனியாக நேரம் ஒதுக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும்.