பிர்னோவில் உண்ணவும் வாங்கவும்: நீலகிரி மாணவர்களுக்கு

செக் குடியரசின் இரண்டாவது பெரிய நகரமான பிர்னோவுக்கு நீலகிரியிலிருந்து படிக்கச் செல்பவர்கள், நம் மலைத் தேயிலைத்தூளைப் பெட்டியில் எடுத்துச் செல்லலாம். ஆனால் பயணிகள் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருப்பதால், நெய்யையும் பால்கோவாவையும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

காய்கறிக்கு, நகர நடுவில் சரிவான சதுக்கத்தில் கூடும் ஸெல்னி த்ர்ஹ் சந்தை ஏற்றது. அப்பெயருக்கு முட்டைக்கோஸ் சந்தை என்று பொருள். குன்னூரின் மேடுகளில் பை சுமந்து பழகியவர்களுக்கு அந்தச் சரிவு ஒரு பொருட்டே அல்ல. கடைகளில் 'பீலி யோகுர்ட்' என்று எழுதியிருப்பது இனிப்பில்லாத வெறும் தயிர். டிசம்பர் 25, ஜனவரி 1 போன்ற நாள்களில் 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளைச் சட்டப்படி மூட வேண்டும் என்பதால், முந்தைய நாளே வாங்கி வையுங்கள்.

வேலை நாள்களில் நண்பகலை ஒட்டி உணவகங்கள் தரும் 'தென்னி மெனு', அதாவது அன்றைய சாப்பாடு, இரவு உணவைவிட மலிவு. சைவர்கள் 'பெஸ் மாசா' (இறைச்சியின்றி) என்று கேட்கலாம். எனினும் சூப் பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்யப்படுவதால், அதைத் தனியே விசாரிப்பது நல்லது. பொரித்த பாலாடைக்கட்டியான 'ஸ்மஜெனி சீர்' பரவலாகக் கிடைக்கும், ஆனால் தினமும் உண்ணத்தக்கதன்று.

குழாய் நீரைத் தயங்காமல் குடிக்கலாம். பழைய பாணி மதுக்கூடங்களில், பரிமாறுபவர் மேசையில் வைக்கும் சீட்டில் கோடுகளிட்டே கணக்கு வைப்பார். அதைத் தொலைக்கவோ கிறுக்கவோ கூடாது.