ஊர் வரலாற்றைச் சேர்த்து வைத்தவர் மறைந்தபின் செய்ய வேண்டியவை

கோயில் அழைப்பிதழ், பள்ளி ஆண்டு மலர், நாடக நோட்டீஸ், பழைய நிழற்படம் என்று ஊரின் தடயங்களை ஊதியமின்றித் தேடித் தேடிச் சேர்த்த ஒருவர் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் இருப்பார். அவர் இறந்ததும் இரங்கல் கூட்டம் நடத்திப் படத்துக்கு மாலை போடுகிறோம். வீட்டை ஒழிக்கும்போது அவர் சேர்த்த தாள்கள் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விடுகின்றன. பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேகரித்த கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-இல் மறைந்தபின் அவருடைய சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நம் ஊர்க்காரரின் சேகரிப்பை வாங்கப் பல்கலைக்கழகம் எதுவும் வராது என்பதால், அந்தப் பொறுப்பை உடனிருந்தவர்களே ஏற்க வேண்டும்.

துக்கம் விசாரிக்கப் போகும் வீட்டில் தாள்களைப் பற்றிப் பேசுவது முறையல்ல. ஆனாலும் நெருங்கிய உறவினர் ஒருவரிடம் மட்டும், எதையும் எடைக்குப் போட வேண்டாம் என்று தனியே சொல்லி வைப்பது அவசியம். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் ஊர்ப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, சேகரிப்பை நன்கொடையாகத் தருகிறார்களா, படியெடுத்துக்கொண்டு திருப்பித் தர வேண்டுமா, குடும்பக் கடிதங்களிலும் மருத்துவக் காகிதங்களிலும் எவற்றைத் திறந்து படிக்கக் கூடாது என்பவற்றைக் கேட்டு எழுதி, இரு தரப்பாரும் கையொப்பமிட்டுக்கொள்ள வேண்டும்.

அறைக்குள் நுழைந்ததும் எதையும் தொடாமல், அலமாரித் தட்டு, மூட்டை, பெட்டி ஒவ்வொன்றையும் இருந்த நிலையிலேயே படம் எடுங்கள். ஆர்வத்தில் எல்லோரும் செய்யும் பிழை, படங்களைத் தனியாகவும் அழைப்பிதழ்களைத் தனியாகவும் உடனே பிரித்துவிடுவது. நாங்கள் ஐயா என்று அழைத்த ஒருவரின் துணிப்பையில், குளக்கரையில் வரிசையாக நிற்கும் பதினோரு பேரின் படம் ஒன்று இருந்தது. அதன் பின்புறத்தில் ஒரு குறிப்பும் இல்லை. அதே பையில் மடித்து வைத்திருந்த தூர்வாரும் பணிக்கான நன்கொடை ரசீதுகளைக் கொண்டுதான் அது எந்தக் குளம், எந்த ஆண்டு என்று அறிந்தோம். படத்தை மட்டும் எடுத்து ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் அது பெயரில்லாத படமாகவே நின்றிருக்கும். ஆகவே அவர் எவற்றை எவற்றோடு வைத்தாரோ அப்படியே வைத்து, பைக்கு ஓர் எண்ணும் அதற்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளை எண்ணும் தர வேண்டும். எண்ணைத் தாளின் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும்.

துருப்பிடித்த குண்டூசிகளையும் இளகி ஒட்டிய ரப்பர் பேண்டுகளையும் மெதுவாக அகற்ற வேண்டும். கிழிந்ததைச் செலோடேப்பால் ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் கூடவே கூடாது. இரும்பு அலமாரி சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்கட்டும். பாச்சை உருண்டையை நம்பி ஆண்டுக்கணக்கில் பூட்டி வைப்பதைவிட, அடிக்கடி திறந்து பார்ப்பதே கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் நல்ல காப்பு.

ஸ்கேன் செய்வதற்கு முன்பே முதியவர்களைச் சந்தித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படத்தில் நிற்பவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர்கள் எண்பதைக் கடந்தவர்கள். தாள்களோ இன்னும் சில மாதம் பொறுக்கும். படத்தின் நகலைக் கையில் கொடுத்து, அவர்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்து, யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் உள்ள நோட்டீஸில் கவனம் தேவை. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்பெயர் திரும்புவதால், பிரபவ என்பது 1927-ஆகவும் இருக்கலாம், 1987-ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயரையும் எழுத்து வடிவத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எழுத்துத் தாள்களை அங்குலத்துக்கு 300 புள்ளிகளிலும் நிழற்படங்களை 600 புள்ளிகளிலும் ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் (TIFF) படக்கோப்பை மூலப்படியாகவும் பிடிஎஃப்பைப் பயன்பாட்டுப் படியாகவும் வைக்கலாம். மூன்று படிகள் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று வேறோர் ஊரில் இருக்க வேண்டும். அவருடைய கணினியில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரைகள் இருந்தால், மூலக் கோப்பை அழிக்காமல், இன்றைய கணினிகள் பொதுவாகப் படிக்கும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றிய படி ஒன்றையும் உடன் வையுங்கள். இணையத்தில் வெளியிடும் முன் உரிமை பார்க்க வேண்டும்: இந்தியச் சட்டப்படி பிறர் எழுதி வெளியிட்ட நூலுக்குப் பொதுவாக ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு.

பட்டியலின் ஒவ்வொரு பதிவிலும் சேகரித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் வர வேண்டும். ஓரங்களில் அவர் எழுதிய குறிப்பு தவறாகவே இருந்தாலும் அடிக்காமல், திருத்தத்தைத் தனித்தாளில் உங்கள் பெயரோடு எழுதுங்கள். ஆண்டுதோறும் அவருடைய திதியன்று குடும்பத்தாரையும் அழைத்து, அலமாரியைத் திறந்து தூசி தட்டி, வன்வட்டுகளை இயக்கிச் சில கோப்புகளைத் திறந்து பார்த்து, பார்த்தவற்றைத் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.