நர்சிங் ப்ராஜெக்டுக்கு ஆர்ட்டிகிள் தேடப் போறீங்களா, முதல்ல பேப்பரும் பேனாவும் எடுங்க

நிறைய பேர் கேள்வியை முழு வாக்கியமா சர்ச் பாக்ஸ்ல போட்டுட்டு ஒண்ணுமே கிடைக்கலன்னு வருத்தப்படுறாங்க, ஆனா ஆர்ட்டிகிள் இருக்கும், நாம போட்ட வார்த்தைதான் அதுல இருக்காது. அதனால மருத்துவ ஆர்ட்டிகிள் தேடற பப்மெட் (PubMed) தளத்தை திறக்கறதுக்கு முன்னாடி ஒரு கால் மணி நேரம் வார்த்தை சேர்க்கவே ஒதுக்குங்க.

உதாரணத்துக்கு, படுத்த படுக்கையா இருக்கற வயசான பேஷண்டை 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பி விடறதை விட 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பினா படுக்கைப்புண் குறையுமா? கிளாஸ்ல சொல்லிக் கொடுத்த பிகோபடி பேஷண்ட் யாரு, என்ன செய்றோம், எதோட ஒப்பிடறோம், என்ன பலன்னு பிரிச்சுக்கோங்க. ஆனா நாலையும் சர்ச்ல போட்டுடாதீங்க, தேவையானதும் சேர்ந்து வடிஞ்சு போயிடும். திருப்பிப் படுக்க வைக்கறது, படுக்கைப்புண், இந்த ரெண்டு மட்டும் முதல்ல போதும்.

இப்ப படுக்கைப்புண்ணுக்கு எத்தனை பேர் இருக்குன்னு பாருங்க: பெட்சோர், டெக்யூபிடஸ் அல்சர், பிரஷர் அல்சர், அப்புறம் 2016ல அமெரிக்க நிபுணர் குழு பேரை மாத்தினதுல இருந்து பிரஷர் இன்ஜூரி. பழைய பேரை மட்டும் போட்டா புது ஆர்ட்டிகிள் தப்பிடும், புதுசை மட்டும் போட்டா பழசு தப்பிடும். அதனால எல்லாத்துக்கும் நடுவுல 'ஆர்' (OR) போட்டு ஒரே பிராக்கெட்டுக்குள்ள வைங்க, ரீபொசிஷனிங், டர்னிங் ரெண்டையும் அதே மாதிரி இன்னொரு பிராக்கெட்ல, ரெண்டு பிராக்கெட்டுக்கும் நடுவுல 'ஆண்ட்' (AND). இந்த ஆர், ஆண்ட் ரெண்டையும் கேப்பிட்டல் லெட்டர்லயே அடிங்க.

பப்மெட்ல மெஷ்னு (MeSH) ஒண்ணு இருக்கு, ஒரே விஷயத்துக்கு இருக்கற பல பேரையும் ஒரே தலைப்புக்கு கீழ கொண்டு வர்ற பட்டியல், அதையும் சேர்த்துக்கோங்க, ஆனா எல்லா ஆர்ட்டிகிளுக்கும் மெஷ் போட்டிருக்க மாட்டாங்க, அதனால சாதா வார்த்தையை விட்டுடக் கூடாது. நர்ஸ், நர்சஸ், நர்சிங் மூணும் வரணும்னா மூணுக்கும் பொதுவான முதல் நாலு இங்கிலீஷ் எழுத்தை அடிச்சு ஒரு ஸ்டார் போட்டா போதும் (nurs*).

பப்மெட்டோட நிறுத்திடாதீங்க. சினால் (CINAHL) நர்சிங்குக்குன்னே இருக்கற டேட்டாபேஸ், பேஷண்டோட அனுபவம் மாதிரி குவாலிட்டேட்டிவ் ஆராய்ச்சிக்கு நான் முதல்ல போறது அங்கதான், காலேஜ் லைப்ரரி லாகின் இருக்கான்னு கேளுங்க. சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, அதாவது ஒரு கேள்விக்கு வந்த ஆராய்ச்சி எல்லாத்தையும் தேடித் தொகுத்த ஆர்ட்டிகிள், இருக்கற காக்ரேன் (Cochrane) லைப்ரரியையும் பாருங்க, மேல சொன்ன கேள்விக்கே அங்க அப்படி ஒண்ணு இருக்கு, 2014ல வந்தது, 2020ல புதுப்பிச்சிருக்காங்க. அப்படி ஒண்ணு கிடைச்சா அதோட ரெஃபரன்ஸ் லிஸ்ட்டை வரி வரியா படிங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும்.

ஃபுல் டெக்ஸ்ட் திறக்கலன்னா உடனே காசு கட்டாதீங்க, பப்மெட் சென்ட்ரல்ல இலவசமா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா லைப்ரரியன்கிட்ட கேளுங்க, ஆத்தருக்கு மெயில் போட்டாலும் நிறைய பேர் அனுப்புவாங்க. வெறும் அப்ஸ்ட்ராக்ட்டை (ஆர்ட்டிகிளோட சுருக்கம்) படிச்சுட்டு மட்டும் மேற்கோள் காட்டிடாதீங்க ப்ளீஸ், இது நாளைக்கு ஒரு பேஷண்டோட உடம்புக்கு போற விஷயம்.

தேடும்போதே எந்த டேட்டாபேஸ், என்ன தேதி, என்ன வார்த்தை, எத்தனை ரிசல்ட்னு ஒரு ஃபைல்ல எழுதிட்டே வாங்க, கைடு கேக்கற அன்னிக்கு அதை அப்படியே மெத்தட்ஸ்ல வச்சுடலாம்.