ஷிஃப்ட் பாத்துக்கிட்டே யுபிஎஸ்சி கெமிஸ்ட்ரி ஆப்ஷனல் படிக்கிறது எப்படி

ஜூரோங் ஐலண்ட் ப்ளான்ட்டுல வேலை பாக்குற ஒரு தம்பி, லிட்டில் இந்தியா பக்கம் டெக்கால டீ குடிச்சிட்டு இருக்கும்போது யுபிஎஸ்சி மெயின்ஸ்க்கு ஆப்ஷனலா, அதாவது நாமளே தேர்ந்தெடுக்குற பாடமா, கெமிஸ்ட்ரி எடுக்கலாமாண்ணேன்னு கேட்டான், நானும் இங்க ஷிஃப்ட் பாத்துக்கிட்டே அதை எழுதுனவன்தான், கிடைக்கல, ஆனா எங்க சறுக்குனேன்னு நல்லா தெரியும். சிங்கப்பூர்ல சென்டர் கிடையாது, ஊருக்குப் போய்தான் எழுதணும், அதனால லீவை இப்பவே சேத்து வைங்க.

ரெண்டு பேப்பர், தலா 250 மார்க். பேப்பர் 1 பிசிக்கலும் இன்னார்கானிக்கும், பேப்பர் 2 ஆர்கானிக், கூடவே ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி, அதாவது அலைகளை வச்சு ஒரு பொருளோட அமைப்பைக் கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு பேப்பர்லயும் ரெண்டு செக்ஷன், எட்டு கேள்வில அஞ்சு எழுதணும், அதுல 1ம் 5ம் கட்டாயம். இந்த ரெண்டும் சின்ன சின்ன கேள்வியா அந்தந்த செக்ஷன் பூராவும் சுத்தி வரும், 250ல 100 மார்க் அங்கயே இருக்கு, அதனால பிடிக்காத சாப்டரை விட்டுட்டு போலாம்ங்கிற கணக்கு இங்க எடுபடாது.

நான் பண்ண தப்பு, பூன் லேல ஏறி பூகிஸ் வர்ற வரைக்கும் எம்ஆர்டி ரயில்ல போன்ல பிடிஎஃப் பாத்தே ரியாக்ஷன் எல்லாம் முடிச்சிட்டேன்னு நெனச்சது. ஹால்ல பெக்மேன் ரீஅரேஞ்ச்மென்ட், அதாவது ஆக்ஸைம் அமைடா மாறுற ரியாக்ஷன், வந்துச்சு, பேரு தெரியுது, ப்ராடக்ட் அமைடுன்னும் தெரியுது, எந்த குரூப் நகரும்னு கை நின்னுபோச்சு. ஆக்ஸைம்ல ஓஎச்சுக்கு எதிர்ப்பக்கம் இருக்கறதுதான் நகரும், ஒரு பத்து தடவை பேனால அம்பு போட்டு வரைஞ்சிருந்தா மறக்குமா? அதனால ரயில்ல படிங்க, வேணாம்னு சொல்லல, ஆனா ரூமுக்கு வந்ததும் வெள்ளைத்தாள்ல பாக்காம வரைஞ்சு பாருங்க.

கணக்குல விடை வந்ததும் ஒரு தடவை மனசுல சரிபாத்துக்கோங்க. ஃபர்ஸ்ட் ஆர்டர் ரியாக்ஷன், ஹாஃப் லைஃப், அதாவது பாதி முடியுற நேரம், 20 நிமிஷம், 90 சதவீதம் முடிய எவ்வளவு நேரம்னா 66 நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல வரும். மூணு ஹாஃப் லைஃப்ல, அதாவது 60 நிமிஷத்துல 87.5 சதவீதம் முடிஞ்சிடும்ல, அப்போ 66 சரிதான், 166னு வந்தா கால்குலேட்டர்ல எங்கயோ விரல் தப்பிருக்கு. சயின்டிஃபிக் கால்குலேட்டர் கொண்டு போலாம், ப்ரோக்ராம் பண்றது மட்டும் கூடாது, பழகுனதையே எடுத்துட்டு போங்க.

ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி என்னைக் கேட்டா புதிர் மாதிரி, ஜாலியா இருக்கும். மூணு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன், ஐஆர் (இன்ஃப்ராரெட்) ஸ்பெக்ட்ரம்ல 1715 பக்கத்துல பீக், ஹைட்ரஜனைக் காட்டுற என்எம்ஆர் ஸ்பெக்ட்ரம்ல 2.1ல ஒரே ஒரு சிங்லெட், அதாவது பிரியாத ஒத்தை பீக், அசிட்டோன்தான். அதே ஃபார்முலாவுல 9.8 கிட்ட சிக்னல் வந்தா ப்ரோப்பனால், ஆல்கஹால் இல்ல, ஆல்டிஹைடு. தினம் ரெண்டு போட்டா போதும்.

ரெண்டு பேப்பரும் ஒரே நாள்ல, காலைல மூணு மணி நேரம் மத்தியானம் மூணு மணி நேரம். இதை யாரும் பழகாமலே போறாங்க, நானும்தான், கடைசி அரை மணி நேரம் கையெழுத்து எனக்கே புரியல. ஆஃப் டேல விக்டோரியா ஸ்ட்ரீட் லைப்ரரில டிஷ்யூ பாக்கெட் வச்சு சீட்டை 'சோப்' பண்ணிட்டு, அதாவது இடம் பிடிச்சிட்டு, பழைய கொஸ்டின் பேப்பர் ரெண்டையும் அதே இடைவெளி விட்டு எழுதிப் பாருங்க. அன்னிக்கு ராத்திரி மட்டும் ஓவர்டைம் ஒத்துக்காதீங்க, சூப்பர்வைசர் எவ்வளவு கெஞ்சினாலும்.